செங்கமலத்தின் காதுக்கு நடந்த இலவசச் சிகிச்சை

ஒரு காட்டில், மரங்களைவிட இலவச முகாம்கள் அதிகமாகிவிட்ட காலத்தில், செங்கமலம் என்றொரு முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தாள். அவள் காதுகளுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் காது முகாமுக்குப் போய் டோக்கன் வாங்கினாள். சும்மா கிடைப்பதை விட்டுவர அவளுக்கு மனசு வராது. நமக்கு மட்டும் வருகிறதா என்ன?

டாக்டர் ஒரு நரி. பெயர் வரதப்பன். அவள் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“காதுலேருந்து மூளைக்குப் போற வழியில எத்தனை வகை நரம்பு செல் வெச்சிருக்கீங்கம்மா? இது சத்தம் ஆரம்பிச்சதும் ஒரு குரல் குடுத்துட்டுப் படுத்துக்குது. இது முடியற வரைக்கும் கத்துது. இது எந்தக் காதுக்குச் சத்தம் முதல்ல வந்துச்சுன்னு பார்த்துட்டே இருக்கு. இதோ இது, மத்ததையெல்லாம் சும்மா இருன்னு அதட்டறதோட சரி.”

“அதுக்கும் நான்தானே தீனி போடறேன் டாக்டர்?” செங்கமலத்துக்கு வயிறு எரிந்தது.

“அதான் சொல்றேன். எல்லாத்தையும் ஒரே வகையா மாத்திடலாம். சத்தம் வந்தா எல்லாம் சேர்ந்து கத்தும். காது கணீர்னு கேக்கும்.”

“அதுவும் இலவசந்தானே?”

“முழுக்க இலவசம்.”

உடனே படுத்துக்கொண்டாள். எழுந்தபோது எறும்பு நடப்பதுகூட இடி மாதிரி கேட்டது. வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டே வளைக்கு வந்தாள்.

மாலையில் குட்டிகளோடு புல் மேய்ந்துகொண்டிருந்தபோது காலடிச் சத்தம் கேட்டது. சிகிச்சை செய்துகொள்ளாத குட்டிகள் மூன்றும் எதிர்ப்பக்கம் பாய்ந்து வளைக்குள் போய்விட்டன. செங்கமலத்தின் தலைக்குள்ளோ எல்லாச் செல்லும் ஒரே குரலில் கத்தின. எந்தப் பக்கம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ஓடவும் பயம், நிற்கவும் பயம். நின்ற இடத்திலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டாள்.

“டாக்டர், யாரோ வர்ற சத்தம் பிரமாதமா கேக்குது. எந்தப் பக்கம்னுதான் தெரியல.”

“பின்னாடிம்மா” என்றார் டாக்டர். அதைச் சொல்ல அவருக்குப் போன் தேவைப்படவில்லை.

அடுத்த முகாமுக்குச் செங்கமலத்தின் தங்கை வந்தாள். “எங்கக்கா இங்கதான் பண்ணிக்கிட்டாங்க. ஆளைத்தான் காணோம். காது சரியாயிடுச்சாமா?” என்று கம்பவுண்டர் காக்கையிடம் விசாரித்தாள்.

“அதுக்கப்புறம் ஒரு குறைன்னு அவங்க இந்தப் பக்கம் வரவே இல்லியேம்மா.”

தங்கைக்கு நிம்மதியாக இருந்தது. தனக்கு ஒன்று, அக்கா குட்டிகளுக்கு மூன்று என்று டோக்கன் வாங்கிக்கொண்டாள்.

நீதி: குறை சொல்ல ஒருவரும் திரும்பி வராத மருத்துவமனைதான் கைராசியான மருத்துவமனை.