நல்லதையே கேட்டு வளர்ந்த விரல்

மேலப்பாளையம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்புள்ள மச்சான் ஹசன் அலி அவர்களுக்கு, உம்முடைய அக்கா மாப்பிள்ளை அலி அஸ்கர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாவரும் நலம். அந்தச் சொல்லைத் தவிர வேறெதுவும் உம் காதில் விழக்கூடாது என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். சார்ஜாவில் நீரும் ஷம்ஸியாவும் பிள்ளை அஃப்ராவும் நலமாகவே இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை வெளியேற்றியவர் நீர். போன் போட்டாலும் எடுப்பதில்லை. ஆகவே, என்னோடு பஸ்ஸில் வேலை பார்த்த டிரைவரின் மகன் ஜெய்சன் இன்று இரவு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு உமக்குக் கிடைத்துவிடும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீர் ஒரு தோல் செருப்பு அனுப்பினீர். என் கால் ஒன்பது, செருப்பு எட்டு. தம்பி வாங்கித் தந்ததைப் போடாமல் மூலையில் வைத்தால் உம் அக்கா அடுத்த பெருநாள் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள் என்று உமக்குத் தெரியும். இறுக்குகிறது என்று சொன்னதற்கு, "இறுக்குதுன்னு நினைச்சாத்தான் இறுக்கும் மச்சான், பொருந்துதுன்னு நினைங்க" என்றீர். நினைத்தேன். தொழுகைத் திடல் வரைக்கும் நினைத்துக்கொண்டே நடந்தேன். செருப்பு நினைக்கவில்லை. வலது காலில் இரண்டாம் விரலில் கொப்புளம் வந்தது. பதினோரு வருஷமாகச் சர்க்கரை உள்ளவன், சரி, ஆசுபத்திரிக்குப் போவோம் என்று சட்டையை மாட்டினால், அப்போதுதான் நீர் இணையத்தில் இருபத்தொரு நாள் நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி முடித்துப் பட்டம் வாங்கியிருந்தீர். ஆசுபத்திரியை நினைத்தாலே நோய் நம்மைத் தேடி வருமாம், அதற்குப் பதிலாகக் காலையில் விரலிடம் அன்பாகப் பேச வேண்டுமாம். சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்து, "நீ நல்லா இருக்கே, இன்னும் நல்லா இருப்பே" என்று மூன்று தடவை சொன்னேன். அடுப்படியிலிருந்து உம் அக்கா மஹ்மூதா பீவி, "யாருட்ட பேசுதிய?" என்றாள். விரலிடம் என்றேன். கட்டிக்கொடுத்து முப்பத்தெட்டு வருஷமாச்சு, என்னிடம் ஒருநாளாவது இப்படிப் பேசியதுண்டா என்று அன்றைக்குச் சண்டை.

நம் ஊரில் ஒருவன் படுத்துவிட்டால் தெருவே வந்து, சர்க்கரை எவ்வளவு, சாப்பாடு என்ன, எந்த டாக்டர் என்று குடைந்து எடுக்கும். நோயில் உள்ள ஒரே சுகம் அதுதான். அதையும் நீர் பறித்தீர். கால் எப்படி என்று எவரும் கேட்கக்கூடாது, நல்ல வார்த்தைதான் சொல்ல வேண்டும் என்று குழுவில் கட்டளை போட்டீர். வந்தவர்களெல்லாம் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்கள். ஆபிதா பீவி மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாஷா அல்லாஹ், மினுமினுன்னு இருக்கு" என்றாள். மினுமினுத்தது சீழ். விரல் கறுத்த அன்றைக்குப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். 'கறுப்பும் நல்ல நிறந்தான்' என்று ஒரு வரி எழுதினீர், அடுத்த நிமிஷம் என்னை வெளியேற்றினீர்.

செவ்வாய்க்கிழமை, நான் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று ஓய்வூதியத்துக்குச் சான்று கொடுக்க இசக்கிமுருகன் ஆட்டோவில் ஏறினேன். காலைப் பார்த்தான். "பாய், உங்களுக்குக் கோவம் வந்தாலும் சரி, இந்த விரலு செத்துப்போச்சு. நான் ஆசுபத்திரிக்குத்தான் விடுவேன்" என்றான். மூன்று வாரத்தில் என் காதில் விழுந்த முதல் உண்மை அது. அங்கே டாக்டரம்மா சொன்னதையும் கேளும்: பத்து நாள் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கும், இப்போது விரலை எடுக்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் பாதம். திங்கட்கிழமை காலை எடுக்கிறார்கள்.

மச்சான், உம்மீது எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முப்பத்தோரு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். நாங்குநேரிக்கு ஆள் ஏறினால், "ஊருக்குள்ளே போகாது, விலக்குலதான் எறங்கணும்" என்று படியிலேயே சொல்லிவிடுவேன். திட்டிக்கொண்டே இறங்கிப் போவார்கள். ஆனால் பாதி வழியில் ஒருத்தரும் ஏமாந்து நின்றதில்லை. பிரேக் சரியில்லை என்று டிரைவர் சொன்னால் பணிமனைக்குத்தான் விட்டோம், பிரேக்கைத் தடவிக்கொடுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி முகத்துக்கு நேரே சொல்வதுதான் மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவி. கேட்கிறவருக்குக் கசக்கும், கசக்கட்டும். இந்த வயதில் எனக்கு இது ஒன்றுதான் தெரியும்.

உமக்கு நீண்ட ஆயுளும், வேலையில் பரக்கத்தும், கொஞ்சம் பயமும் கிடைக்க துஆச் செய்கிறேன். ஷம்ஸியாவுக்கு சலாம். அஃப்ராவுக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சலிடம் பேசாமல் டாக்டரிடம் பேசும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
ஒன்பது விரல்களோடு நடக்கப் பழகவிருக்கும்
அலி அஸ்கர்

பின்குறிப்பு: இதையெல்லாம் உம் அக்காவிடம் சொல்லிவிடாதீர். விரலை எடுப்பது அவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமை கட்டு மாற்றத்தான் போகிறேன், சாயங்காலம் அசர் தொழுகைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானம் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். என் தட்டில் மீனுக்கு முள் எடுத்து வைத்துக்கொண்டே, "ஆறிரும்லா?" என்று கேட்டாள். ஆறிரும் என்றேன். அதற்கப்புறம்தான் அவள் சாப்பிட்டாள். திங்கட்கிழமை காலையில் அவளுக்குப் போன் போட்டு நீரும் ஒரு தடவை ஆறிரும் என்று சொல்லும். நான் சொன்னால் குரல் நடுங்குகிறது.