கல்யாண எடை

பிரெட்ரிக் கங்காணி கைக்கடிகாரத்தை மனைவியின் மூக்கருகே நீட்டினார்.

"பெட்டி, இது என்ன சொல்லுது, படி."

"ஆக்டிவ் முந்நூறு. ரெஸ்டிங் ரெண்டாயிரம்."

"விடிஞ்சதுல இருந்து தேயிலைக்காட்டுல கிடக்கேன். நான் ரெண்டாயிரத்துக்கு ரெஸ்ட் எடுத்தேனா?"

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் குகனேஸ்வரன் ஒரு போட்டி வைத்திருந்தார். ஆளுக்கொரு கடிகாரம், மாதக் கடைசியில் அதிகக் கலோரி எரித்தவருக்குத் துரை கையால் கோப்பை. "கங்காணி மோட்டார்லதானே சுத்துறாரு, என்னத்த எரியும்?" என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆர்தர் எல்லார் முன்னும் தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பிரெட்ரிக்கின் மானம் மணிக்கட்டில் இருந்தது.

பெட்டி பொறுமையாகச் சொன்னாள். "அது ரெஸ்ட் எடுத்த கணக்கு இல்லங்க. சும்மா படுத்திருந்தாலும் மூச்சு விட, நெஞ்சு அடிக்க உடம்பு எரிக்கிறதுதான் ரெஸ்டிங். நடந்து, வேலை செஞ்சு எரிக்கிறது ஆக்டிவ். கனத்த உடம்புக்கு ரெண்டுமே கூடத்தான் வரும்."

"அப்ப சோம்பேறின்னதும் இல்லாம குண்டன்னும் சொல்லுது."

"நூத்திப்பத்து கிலோன்னு அதுக்குச் சொன்னதே நீங்கதான்."

"மாத்து லா. அம்பத்தஞ்சு போடு."

"அது நம்ம கல்யாணத்தப்ப இருந்த எடை."

"என் எடைதானே? அடுத்தவன் எடையையா கேட்டேன்?"

மறுநாள் ரெஸ்டிங் மளமளவென்று இறங்கியது. பிரெட்ரிக் மீசையை முறுக்குவதற்குள் ஆக்டிவும் பாதியாகிவிட்டது.

"ஒல்லியான ஆளு நடந்தா கம்மியாத்தான் எரியும்" என்றாள் பெட்டி. "பழைய எடையையே போட்டுடவா?"

"போட்டா மறுபடி ரெஸ்டுன்னு ஏசும். வேணாம்."

மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு, மூடுபனியில் மலைச்சரிவெல்லாம் நடந்தே ஏறினார். ஈரமண் வாரிவிட்டது. முட்டி வீங்கியது. அதன்பின் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே வேலை வாங்கினார். ஆக்டிவ் அதலபாதாளத்துக்குப் போனது. கடிகாரத்தை அவர் திட்டிய திட்டில் கொழுந்து பறித்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் கோப்பை ஆர்தருக்குப் போனது.

பிரெட்ரிக்குக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தக் கலோரியைக் கடிகாரம் கணக்கில் எடுத்ததா என்று தெரியாது. நொண்டிக்கொண்டே மருந்தகத்துக்குப் போனார்.

"டிரெஸ்ஸர், ஆர்தருக்கு ஆக்டிவ் எவ்வளவு?"

"நூறு தேறினா பெருசு."

"நாற்காலியை விட்டு எழும்பாதவனுக்குக் கோப்பை. முட்டி பேந்தவனுக்கு ஒண்ணுமில்ல. இது என்னய்யா நியாயம்?"

குகனேஸ்வரன் கடிகாரத்தில் இருந்த அம்பத்தஞ்சு கிலோவைப் பார்த்துவிட்டு, முட்டிக்கு மருந்து தடவியபடியே சொன்னார்.

"ஆக்டிவை மட்டும் யாரு பார்த்தா? ரெண்டையும் கூட்டித்தான் பார்த்தோம், கங்காணி. உங்க நெச எடையைப் போட்டுட்டு மாசம் பூரா வீட்டுல படுத்துத் தூங்கியிருந்தாலே கோப்பை உங்களுக்குத்தான்."