இரண்டும் இடது கால்

உங்கள் அப்பாவாகிய நான் பொய் சொல்லியிருக்கிறேன். அதை என் கையாலேயே எழுதி ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. நம் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் குடை வைக்கிற ஒற்றைப் பூட்ஸ் இருக்கிறதே, அதன் ஜோடி எங்கே என்று கேட்டபோதெல்லாம் ஆளுக்கொரு கதை சொன்னேன். கவிதாவிடம் அது ராணுவத்தில் இருந்த ஒரு மாமாவுடையது என்றேன். பிரபுவிடம் இன்னொன்றை எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். (அவ்ளோ பெரிய எலியாப்பா என்றான். ஆம்பூர் எலிடா, தோல் தின்னு வளர்ந்தது என்றேன். நம்பிவிட்டான்.) போன வாரம் இம்தியாஸ் மாமா சாப்பிட வந்தபோது பாதிக் கதையை உளறிவிட்டுப் போயிருக்கிறான். மீதியை அவன் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவன் வாயில் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

இரண்டாயிரத்து மூன்று என்று ஞாபகம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் வேலை. இடது ஒன்று, வலது ஒன்று எடுத்து, சைஸ் பார்த்து, கலர் பார்த்து, ஜோடி சேர்த்து, டிஷ்யூ பேப்பர் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். பத்தாவது முடித்தவனுக்கு அது நல்ல வேலை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே இது இடது, இது வலது என்று சொல்வேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். இந்தப் பீற்றலை மட்டும் மறக்காமல் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு தோஸ்த்கள். ஒருவன் இம்தியாஸ். அதே கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை. புது மாடல்கள் எல்லாம் முதலில் அங்கேதான் உருவாகும். அந்த ரூம் சாவி அவன் பொறுப்பு. இன்னொருவன் மோகன். ஆலங்காயத்துக்காரன், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி ஆபீசில் கிளார்க்.

எல்லாவற்றுக்கும் காரணம் மோகன் வீட்டு கேபிள் டிவி. அதில் ஒரு நாள், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் வழுக்கிக்கொண்டு வரும் வெள்ளைக்காரப் பசங்களைக் காட்டினார்கள். ஸ்னோபோர்டாம். பனி புகை மாதிரி பறந்தது. அதற்குப் பவுடர் பனி என்று பெயர், புதிதாக விழுந்தது, மெத்தென்று இருக்கும் என்று மோகன் விளக்கினான்.

"பவுடரா? அப்ப வுழுந்தாலும் வலிக்காது," என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தையில் மூவரும் மணாலிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. பொங்கல் லீவோடு இன்னும் கொஞ்சம் லீவு சேர்த்துக்கொண்டோம். பயிற்சிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போய், கம்பெனி அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, புல் சரிவில் உட்கார்ந்து சறுக்கினோம். நான் ஒரு பலா மரத்தில் போய் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஆனாலும் ட்ரெயினிங் முடிந்துவிட்டது என்று மூவரும் நம்பினோம்.

பூட்ஸ் விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மலையில் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும் என்று மோகன் விசாரித்து வைத்திருந்தான்.

"பூட்ஸ் கம்பெனியில வேலை செஞ்சிக்கினு வாடகை பூட்ஸா? மானக்கேடு!" என்று நான் குதித்தேன்.

இம்தியாஸ் சாம்பிள் ரூம் மாஸ்டரிடம் கேட்டு, எனக்காக ஒரு ரிஜக்ட் ஜோடிக்கு அனுமதி வாங்கினான். "கீழ் ரேக்குல பழைய பெட்டி கீது. அத்த மட்டும் எடு. வேற எதையும் தொடாத," என்று சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

கீழ் ரேக் பெட்டியைத் திறந்தேன். ஒன்றில் பசை வழிந்திருந்தது, இன்னொன்றில் தையல் கோணல். மேல் ரேக்கைப் பார்த்தேன். புதுப் பெட்டி. உள்ளே டிஷ்யூ சுற்றிய இரண்டு பூட்ஸ். காபிக் கலர், உள்ளே கம்பளி, கணுக்கால் வரை உயரம். பெட்டியின் மேல் 'எல்.எல்.' என்று எழுதியிருந்தது. எல்.எல். என்றால் என்ன? லெதர் லைனிங் என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் திருப்பி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று டிஷ்யூவைக்கூடப் பிரிக்காமல் பைக்குள் போட்டேன்.

"நான் சொன்ன பெட்டிதானே எடுத்த?" என்று இம்தியாஸ் கேட்டான்.

"பின்ன?" என்றேன்.

ரயிலும் பஸ்ஸுமாக மணாலி போய்ச் சேர்ந்தோம். இம்தியாஸின் அம்மா ஒரு வெள்ளைத் துணியில் உப்புக்கண்டம் கட்டிக் கொடுத்திருந்தார். மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் போட்டுக் காயவைத்தது. வழியெல்லாம் அதுதான் எங்களுக்குத் துணை. மணாலியில் இறங்கியதிலிருந்து ஒரு பழுப்பு நிற நாய் எங்களை விடாமல் பின்தொடர்ந்தது. நம்ம மேல எவ்ளோ பாசம் பாரு என்று மோகன் உருகினான். அவன் தோளில் தொங்கிய பையில்தான் உப்புக்கண்டம் இருந்தது.

மறுநாள் காலை அறையில் கரண்ட் இல்லை. குளிர் எலும்பில் குத்தியது. கம்பளிக்குள் இருந்தபடியே மூன்று சாக்ஸ் மாட்டி, பூட்ஸையும் மாட்டினேன். அட்டை ஒன்று தொங்கியது. திருப்பி வைக்க வேண்டியதாயிற்றே என்று கிழிக்காமல் உள்ளே மடித்துச் செருகினேன். இடது கால் வெண்ணெய் போல் போனது. வலது கால் போகவில்லை. கட்டை விரல் பக்கம் நெருக்கல், சுண்டு விரல் பக்கம் பொந்து. புது ஷூ கடிக்கத்தான் செய்யும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, பொந்தை அடைக்க ஏதாவது கிடைக்குமா என்று இருட்டில் தடவினேன். கைக்கு ஒரு துணி கிடைத்தது. உப்புக்கண்டம் கட்டியிருந்த துணி. உள்ளே இருந்ததைப் பேப்பருக்கு மாற்றிவிட்டுத் துணியை ஷூவுக்குள் திணித்தேன். அப்படியும் வலி தாங்கவில்லை. அதனால் வலது கால் லேஸைக் கட்டாமல் விட்டுவிட்டேன்.

"இன்னாடா நொண்டுற?" என்றான் மோகன்.

"குளிர்ல நரம்பு இழுக்குது."

"வாடகை பூட்ஸ் எடுத்துக்கிறியா?"

"வாடகை பூட்ஸ நீ போட்டுக்க. இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி. லெதர் லைனிங்."

சோலாங் பள்ளத்தாக்கில் முந்தைய நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெள்ளையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. கையில் அள்ளினால் நிற்கவில்லை; தோலைத் தேய்க்கிற பஃபிங் மிஷின் தூசு மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. வாடகைக்கு எடுத்த பெரிய பேன்ட் பூட்ஸை மூடிக்கொண்டிருந்ததால் இதுவரை யாரும் என் காலைப் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை.

கற்றுக்கொடுக்க ஒரு கோச் வந்தார். அவர் பேசியது இந்தி. இம்தியாஸுக்கு உருது தெரியும் என்பதால் அவன்தான் எங்களுக்குச் சொன்னான். பலகையில் ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் இருக்கும். முதலில் முன்னங்காலை மட்டும் கட்டுவார்கள்.

"கௌன்சா பைர் ஆகே?" எந்தக் கால் முன்னால் என்று கேட்டார்.

"லெஃப்ட்," என்றேன் கம்பீரமாக.

கோச் மண்டியிட்டு, என் பேன்ட்டைத் தூக்கி, இடது காலைப் பலகையில் வைத்துப் பட்டையை இறுக்கினார். பிறகு பக்கத்துக் காலைப் பார்த்தார். மறுபடி கட்டிய காலைப் பார்த்தார். மறுபடி பக்கத்துக் கால். மெதுவாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பாய் சாப்... கௌன்சா லெஃப்ட்?"

"இன்னா கேக்குறார்?"

"எந்த லெஃப்ட்டுன்னு கேக்குறார்," என்று சிரித்துக்கொண்டே இம்தியாஸ் குனிந்து பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பட்டை மாட்டிய பூட்ஸுக்குள் விரலை விட்டு அட்டையை இழுத்துப் படித்தான்.

"டேய்... இது பையரோட ஒரிஜினல்டா."

பையர் என்கிற வெளிநாட்டு வியாபாரி மாடலுக்காக ஒரே ஒரு காலைத்தான் அனுப்புவார். நம் ஆட்கள் அதைப் பார்த்து, அதே காலுக்கு ஒரு காப்பி செய்வார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அவர் ஆர்டர் தருவார். ஜோடி சேர்ப்பதே வேலையாக இருந்த எனக்கு இது தெரியாது. சாம்பிள் ரூமுக்குள் நான் போனதே அன்று ஒரு நாள்தான்.

"எல்.எல்.னா லெதர் லைனிங் இல்லியா?" என்றேன்.

"லெஃப்ட்-லெஃப்ட்டுடா! நாம ஊருக்குப் போன மூணாம் நாள் பையர் வர்றான். சாவி என் பேர்ல கீது. மூணு வருஷம் காத்திருந்து போன மாசம்தான்டா பர்மனென்ட் ஆனேன். கழட்டு! மொதல்ல கழட்டு!"

கழற்றத்தான் குனிந்தேன். குனிந்ததும் பலகை கிளம்பிவிட்டது.

டிவியில் அந்தப் பசங்கள் வளைந்து வளைந்து வந்தார்கள். நான் நேராகப் போனேன். கட்டாத வலது காலால் பிரேக் போடப் பார்த்தேன். அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ஏலகிரியில் பலா மரமாவது இருந்தது. இங்கே பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. கரணம் போட்டு, தலைகீழாகப் பனிக்குள் புதைந்தேன். நான் சொன்னது சரிதான், கொஞ்சமும் வலிக்கவில்லை. ஆனால் பவுடரில் விழுந்தால் மூக்கு, வாய், காது எல்லாம் பவுடர்தான்.

இழுத்து நிமிர்த்தினார்கள். இடது காலில் பலகை இருந்தது, பூட்ஸ் இருந்தது. வலது காலில் சாக்ஸ் மட்டும்தான் இருந்தது.

எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் உருண்ட தடம் முழுவதும் பனி சரிந்து மூடிக்கொண்டுவிட்டது. மேலிருந்தும் புதுப்பனி விழத் தொடங்கியது. கோச் ஒரு கம்பால் அங்கங்கே குத்திப் பார்த்தார். மோகன் கையால் தோண்டினான். நான் ஒற்றைக்காலில் நின்றும் விழுந்தும் தோண்டினேன். இம்தியாஸ் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் துழாவினான்.

"இம்தி, நீ சொன்ன பெட்டிய நான் எடுக்கலடா. பொய் சொல்லிட்டேன்," என்றேன்.

"தெரியுது. தேடு," என்றான். அவன் விரல்கள் சிவந்திருந்தன.

எவ்வளவு நேரம் தேடினோமோ தெரியாது. கோச் கையை விரித்தார். பனி உருகும் மாதத்தில் கிடைக்கலாம் என்று சொன்னதை இம்தியாஸ் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டோம்.

அப்போதுதான் அந்தப் பழுப்பு நாய் வந்தது. மோகன் பையை முகர்ந்தது. காற்றை முகர்ந்தது. பிறகு நாங்கள் தேடாத ஒரு மூலைக்கு நேராகப் போய், இரண்டு முன்னங்கால்களாலும் பறபறவென்று தோண்ட ஆரம்பித்தது. பனிக்குள் தலையை விட்டது. தலை வெளியே வந்தபோது வாயில் பூட்ஸ்! அதிலிருந்து இம்தியாஸ் அம்மாவின் உப்புக்கண்டத் துணி நாக்கு மாதிரி தொங்கியது.

"பிடி!" என்று மூவரும் கத்தினோம். நாய் ஓடியது. நான் பலகையோடு இரண்டடி ஓடி மறுபடி விழுந்தேன்.

மோகன்தான் புத்திசாலி. பையிலிருந்து உப்புக்கண்டப் பொட்டலத்தை எடுத்து, "இந்தா ராஜா, இந்தா!" என்று மொத்தத்தையும் கொட்டினான்.

நாய் யோசித்தது. அந்த யோசனை நேரத்தில் என் பாதி ஆயுசு போய்விட்டது. பிறகு பூட்ஸைக் கீழே போட்டுவிட்டுக் கறிக்கு வந்தது.

இம்தியாஸ் பாய்ந்துபோய்ப் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாய் வாயில போனது காப்பிதான்டா. ஒரிஜினல் உன் கால்லயே கீது. அல்லா காப்பாத்திட்டான்." கணுக்கால் பக்கம் நான்கு பல் தடம் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தான். திடீரென்று சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. எனக்கு வந்தது சிரித்ததால் மட்டும் இல்லை.

ஸ்னோபோர்டு அத்தோடு முடிந்தது. அறைக்குத் திரும்பியதும் லாட்ஜ்காரர் அன்பாக இரண்டு பூட்ஸையும் வாங்கிக் கணப்படுப்பின் மேல் வைக்கப் போனார். "வேணாம்!" என்று நாங்கள் போட்ட சத்தத்தில் அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நனைந்த தோலை நெருப்பில் காட்டினால் சுருங்கி வெடித்துவிடும். எங்கள் பக்கத்தில் பால்குடி மாறாத குழந்தைக்கும் அது தெரியும். உள்ளே பேப்பர் திணித்து, ஈரமானதும் வேறு பேப்பர் மாற்றி, நிழலிலேயே உலர்த்தினோம். ரயிலில் ஜன்னலோரம் ஒரிஜினல் பூட்ஸுக்குத்தான். டிக்கெட் பரிசோதகர் என்ன இது என்று கேட்டார்.

"பேஷன்ட் சார்," என்றான் ஆஸ்பத்திரி மோகன்.

ஊர் திரும்பி வேலைக்குப் போன அன்று காலையிலேயே மாஸ்டரிடம் நானே போய் நின்றேன். இம்தியாஸுக்குத் தெரியாமல் எடுத்தேன், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் ஒரிஜினலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. காப்பியை முகர்ந்தார்.

"ஏன்டா இதுல கறி வாசன வருது?"

சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு காப்பி போடச் சொன்னார். இம்தியாஸ் இரண்டு நாள் அந்த டேபிளை விட்டு எழுந்திருக்கவில்லை. பையர் வந்தார், இரண்டையும் வைத்துப் பார்த்தார், காப்பி ஒரிஜினலைவிடப் புதுசாக இருக்கிறதே என்று பாராட்டிவிட்டு ஆர்டரைக் கொடுத்தார். இம்தியாஸ் வேலை பிழைத்தது. அன்று நான் விட்ட மூச்சில் நாலு பெட்டி டிஷ்யூ பேப்பர் பறந்திருக்கும்.

பல் தடம் பட்ட பூட்ஸை மாஸ்டர் என் கையில் கொடுத்தார். "ஜோடி சேக்கறவன்தானே நீ? இதுக்கு ஒரு ஜோடி தேடு," என்றார். அதுதான் கதவுக்குப் பின்னால் இருப்பது.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். உங்கள் அம்மா அதுவரை என்னிடம் சரியாகப் பேசியதுகூட இல்லை. வாசலில் ஆரத்தி எடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் வலது கால எடுத்து வச்சு வாங்க," என்றார் என் அத்தை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இம்தியாஸின் குரல்:

"தங்கச்சி, நீ வைம்மா. அவனுக்கு வலது கால் கெடையாது. ரெண்டும் லெஃப்ட்டு!"

உங்கள் அம்மா குனிந்த தலை நிமிராமல் என் காலைப் பார்த்தாள். முதல் தடவையாக என்னிடம் அவளாகக் கேட்டது அப்போதுதான்.

"எந்த லெஃப்ட்டு?"

அவளுக்கு முன்னாடியே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் தடுமாறினேன். வாசற்படியில் எந்தக் காலை வைத்தேன் என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆல்பத்திலும் அந்த போட்டோ இல்லை, தேட வேண்டாம்.