கொலைகாரன் சொல்லிக்கொண்டு போன விதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நலமா என்று நேரில் கேட்கத்தான் ஆசை. ஆனால் நான் வாயைத் திறந்ததால்தான் இவ்வளவும் என்பதால் எழுத்தில் கேட்கிறேன். மகளோ என் எண்ணைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நீங்கள் டைரக்ட் செய்த கோடரிப் படத்தின் முதல் பாகத்தில் கொலைகாரனாக நடித்தவர் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். இரண்டாம் பாகத்துக்கு அதே உயரத்தில் ஆள் கிடைக்காமல், "மாமா, முகமூடியப் போட்டுக்கிட்டு வெட்டிட்டுப் போனா போதும், வசனமே கிடையாது" என்று என் கையைப் பிடித்தது நீங்கள்தான். நான் முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன். ஒரு வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் "போயிட்டு வர்றேம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முகமூடிக்குள் நான் சொன்னது உங்கள் காதில் உறுமலாக விழுந்திருக்கிறது. "பிரமாதம் மாமா, அந்த உறுமல் ஒவ்வொரு கொலைக்கும் வேணும்" என்று கேட்டு வாங்கியதும் நீங்கள்தானே!

தியேட்டர் ஸ்பீக்கரில் அது அட்சர சுத்தமாகக் கேட்டது. முதல் கொலைக்கு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது கொலைக்கு மொத்தத் தியேட்டரும் "போயிட்டு வாங்க!" என்று என்னை வழியனுப்பியது. ஐந்தாவது வீட்டில் நான் கோடரியோடு மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்ததற்கு விசில் வேறு. முதல் பாகம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டீச்சர், "எவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஆளு, பாவம், இவரா கொன்னிருப்பாரு?" என்று உருகிப்போனார். உங்கள் அத்தை என் தொடையைக் கிள்ளி, "வாய மூடிக்கிட்டு வெட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். மறுநாள் பத்திரிகையில், "குடும்பத்தோடு பார்க்கலாம்" என்று விமர்சனம். ஒரு திகில் படத்துக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

அன்று நீங்கள் வீட்டுக்கு வந்து, முகமூடியை எடுத்துக்கொண்டு, "போறேன் மாமா" என்று கிளம்பினீர்கள். 'வர்றேன்' இல்லை, 'போறேன்'! படம் கெட்டதைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வலித்தது. நடிப்புக்கே முழுக்குப் போட்டுவிட்டேன். படத்தில் வரும் ஏழு கொலைகளிலும் என் குரலை வெட்டி எறிந்துவிடுங்கள். கோடரியும் உங்களிடம்தான் இருக்கிறது.

கோபம் தணிந்து, மகளோடு சகல சௌக்கியமும் பெற்று, ஊரையே பயமுறுத்திப் பேர் வாங்க வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் தயாரிப்பாளர் வந்தார். ஜனங்கள் என்னை வழியனுப்புவதற்காகவே மூன்றாவது தடவையும் வருகிறார்களாம். ஒரு எழுத்தையும் வெட்டக் கூடாதாம். மூன்றாம் பாகத்துக்குப் பெயரே 'வர்றேம்மா'. முகமூடி வேண்டாம், முகம் தெரிய வேண்டும் என்று நான் போட்ட ஒரே நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். டைரக்டர் யார் என்று கேட்டார். "மாப்பிள்ளைதான் 'போறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரே" என்றேன். ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, கிளம்பும்போது ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போங்கள். தயாரிப்பாளரிடம் பேசிப் பார்க்கிறேன்.