நாற்பத்து மூன்று நன்றிகள்

ஜனநாயகம் கிரேக்க நாட்டில் பிறந்தது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். பிறந்திருக்கலாம். ஆனால் அது வளர்ந்து ஆளாகி, குடியிருக்க இடம் தேடி வந்தது யாங்கூன் நகரில் எங்கள் தின்கன்ஜூன் பேட்டைக்குத்தான். பல் வைத்தியர் வீட்டு மாடி, இரண்டாவது கதவு. மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் ஊ பூங் தாங் அவர்களின் 'வடமலை மக்கள் தொடர்பு அலுவலகம்' அங்கேதான் இருக்கிறது. சிவானந்தன் ஆகிய நான் அதன் செயலாளர்.

உறுப்பினரின் தொகுதியில் வடகோடியில், பனிமலைக்குக் கீழே, ஐந்து சிற்றூர்கள் உண்டு. மொத்தம் நாற்பத்து மூன்று வீடுகள். விமானம், பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு ஒன்பது நாள் நடை. உறுப்பினர் அந்த மண்ணின் மைந்தர், அந்தப் பழங்குடியிலேயே பிறந்தவர். ஏழு வயதில் கிளம்பினவர் இன்னும் திரும்பவில்லை. போனால் சொந்த ஊர் என்ற பாரபட்சம் வந்துவிடுமாம். மன்றத்துக்குப் போகும்போது மட்டும் தம் மக்களின் பன்றிக்கொம்புத் தொப்பியை அணிவார். தொப்பி யாங்கூன் லான்மடாவ் கடைத்தெருவில் வாங்கியது, கொம்பு பிளாஸ்டிக். இருந்தாலும் அவர் வாயைத் திறக்குமுன்பே பாதி உரையைத் தொப்பி நிகழ்த்திவிடும்.

அந்த ஐந்து ஊருக்கும் பள்ளிக்கூடமும் மருந்தகமும் ஆற்றுக்கு அக்கரையில். நடுவே பிரம்புக்கயிறு ஒன்று. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு தனக்கு வேண்டியவர்களை எடுத்துக்கொள்ளும். உறுப்பினர் மன்றத்தில் ஏழு நிமிடம் பேசினார். பாலம் ஒப்புதலாயிற்று. பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: 'பயனாளிகளின் நன்றிக் கடிதம், வீட்டுக்கொரு கட்டைவிரல் ரேகையுடன், வெள்ளிக்கிழமைக்குள் தேவை.' முதலில் நன்றி, பிறகு பாலம். இதுவே 'நடைமுறை'.

கடிதம் வந்தது புதன்கிழமை. மலைமக்களை ஒன்பது நாள் நடக்கவிடுவது மனிதத் தன்மையா? உறுப்பினரின் கண் கலங்கியது. "கோ சிவா, அவங்களுக்குச் சிரமம் கொடுக்காதீங்க. நம்மளே செஞ்சிடுவோம்" என்றார். தட்டச்சு செய்யும் சத்யபாமாவின் விரல்கள் பத்து, என் விரல்கள் பத்து. மீதி இருபத்து மூன்றுக்கு, தாகேதா பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. ஆளுக்கொரு கிண்ணம் மொஹிங்கா, மீன்குழம்பு ஊற்றிய சேவை, வாங்கிக் கொடுத்தேன். தமிழர், பர்மியர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் மலைமக்களானோம். தேசிய ஒருமைப்பாடு என்பது வேறென்ன?

"அண்ணே, விரலெல்லாம் ஊதாவாயிடுச்சி. வீட்ல கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள் சத்யபாமா.

"பாலம் கட்டுனேன்னு சொல்லு" என்றேன்.

நன்றி கிடைத்துவிட்டதால் கோப்பு திருப்தியாக மூடப்பட்டது. மூடிய கோப்பைத் திறந்து யார் பாலம் கட்டுவார்கள்? பாலம் அமைந்ததையும், மக்கள் மகிழ்ந்ததையும் வானொலி அறிவித்தது. நாங்கள் கேட்டுக் கைதட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், முப்பது வயதுப் பெண் ஒருத்தி மாடியேறி வந்தாள். சாயம்போன கோட்டு, ரப்பர் செருப்பு. மலைமக்களின் உடை இல்லாததால் அவளை மலைவாசி என்று ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. பெயர் மா நின் என்றாள். பர்மிய மொழி எனக்கு இரண்டாவது, அவளுக்கு மூன்றாவது. ஆகவே ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

"அகோ, பாலத்தை எங்க வச்சிருக்கீங்க?" என்று அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"எந்தப் பாலம்?"

"ரேடியோவுல சொன்னதுதான். ஆத்தோரமா மேல ரெண்டு நாள் நடந்தோம். கீழ மூணு நாள் நடந்தோம். காணோம். வேற ஆத்துல வச்சிட்டீங்களோன்னு கேக்க வந்தேன்."

சத்யபாமா தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

"பழைய கயிறு இத்துப்போச்சு" என்றாள் மா நின். "பாலம் வந்தாச்சேன்னு இந்த வருஷம் புதுசு முறுக்கல. பிரம்பு வெட்டுற மாசமும் போச்சு. இன்னும் ஒரு மாசத்துல மழை. என் பொண்ணு அக்கரையில பள்ளிக்கூடத்துல இருக்கா, ஆறு வயசு. நான் போயித்தான் கூட்டியாரணும்."

ஒரு வானொலி அறிவிப்பு ஒரு கயிற்றை அறுக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். உறுப்பினரின் ஆற்றல் அவ்வளவு.

அவர் உள்ளறையிலிருந்து தொப்பியோடு வெளியே வந்தார். மா நின் எழுந்து நின்று கைகட்டினாள். "மாமா, நம்ம வழக்கம் ஒங்களுக்குத் தெரியும். பாலம் குடுத்தவருதான் முதல்ல கடக்கணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

உறுப்பினர் சிந்தித்தார். அவர் சிந்திக்கும்போது கொம்புகள் லேசாக ஆடும்.

"பாலம் இருக்கு. அதுல சந்தேகமே வேண்டாம். நாற்பத்து மூணு வீடும் நன்றி சொல்லியிருக்கு. பிரச்சினை என்னன்னா, அது எங்க இருக்குன்னு மக்களுக்குத் தெரியல. விழிப்புணர்வு போதாது. கோ சிவா, எழுதிக்குங்க. ஆத்தங்கரையில ஒரு பலகை. 'பாலம் இங்கே'."

எழுதிக்கொண்டேன். அவர் ஒரு விருந்துக்குக் கிளம்பிப் போனார்.

மா நின் நன்றிக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். அவளுக்குப் பெயர்களைப் படிக்கத் தெரிந்திருந்தது, துரதிர்ஷ்டம். விரலை ஒவ்வொரு பெயராக வைத்துக்கொண்டே போனவள் பதினேழாவதில் நின்றாள்.

"இது என் அண்ணன்."

"அப்படியா, சந்தோஷம்."

"போன மழையில கயிறு நழுவி ஆத்தோட போயிட்டான். அதுக்கு முன்னாடியே அவனுக்கு வலது கட்டைவிரல் பாதிதான். மரம் வெட்டும்போது போச்சு." அவள் ரேகையை உற்றுப் பார்த்தாள். "இது முழுசா இருக்கே. யாரோடது அகோ?"

பெயர்களை நான் பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தேன். அதில் செத்தவர்கள் சாவதில்லை. பதினேழாவது என் விரல். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைப் பதிவு செய்ய எங்கள் பேரேட்டில் பத்தி இல்லாததால், கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "விசாரித்துத் தெரிவிக்கப்படும்" என்றேன்.

அவள் மேசைக்குக் கீழே பார்க்கவில்லை. கடிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். "மழைக்கு முன்னாடி போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சத்யபாமா பின்னாலேயே ஓடிப்போய், தன் சோற்றுப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பலகைத் திட்டம் மின்னல் வேகத்தில் ஒப்புதலானது. நேற்று கடிதம் வந்தது. பலகைக்கு நன்றி, வெள்ளிக்கிழமைக்குள், நாற்பத்து மூன்று ரேகைகள்.

"என் விரல் வராது அண்ணே" என்றாள் சத்யபாமா. "வேணும்னா வேலைய விட்டு நிறுத்திக்குங்க."

ஆகவே அவள் பங்குக்கும் சேர்த்து நானே தெருவில் ஆள் தேடினேன். வீட்டுத் தலைவர்கள் பட்டியலை இம்முறை மனச்சாட்சியோடு திருத்தினேன். பதினேழாவது வீட்டில் இறந்தவர் பெயரை அடித்துவிட்டு, அவருடைய தங்கை பெயரை எழுதினேன்.

வடக்கே மழை தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்று அதே வானொலி சொல்கிறது. மா நின் ஊர்போய்ச் சேர்ந்தாளா, மகளைக் கூட்டிவர அந்தக் கயிற்றைப் பிடித்தாளா, பிடித்தவள் அக்கரை ஏறினாளா, எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. ஆனால் அவள் எங்கள் உறுப்பினருக்கு மனமார்ந்த நன்றி தெரிவித்திருக்கிறாள். கோப்பில் இருக்கிறது. ரேகை என்னுடையது.