ஃபின்ஸ் அனுப்பிய மைத்துனருக்கு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். என் இடது குதிகால் மட்டும் இன்னும் முழுதாக நலமடையவில்லை, அதைப் பற்றிப் பின்னால் வருகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். முப்பத்தொரு வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது என்பதால், விசாரிக்க வேண்டியதில் எதையாவது விட்டிருந்தால் எல்லாவற்றையும் மொத்தமாக விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும்.

நீங்கள் அனுப்பிய ஃபின்ஸ் வந்து சேர்ந்தது. அளவு சரியாக இருக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் எவ்வளவு கஷ்டப்பட்டு அடைந்தேன் என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் என் நன்றியின் கனம் புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் தங்கை ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றாள். இருபத்தெட்டு வருடம் ஒலிபெருக்கியில் பேசிய தொண்டை அது. வீட்டுக்கு வந்தாலும் "இன்னும் பத்து நிமிடத்தில் சாப்பாடு" என்று இரண்டு முறை சொல்வாள். ஓய்வு பெற்ற மறுவாரம் என்னை உட்கார வைத்து, "கடலுக்குள்ள யாரும் பேச முடியாதாம். கை ஜாடைதானாம். அங்க ஒரு தடவை உங்க கூட இறங்கிட்டு வரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட பெரிய விஷயம் இதுதான். நானும் அன்றுதான் ஓய்வூதியப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட தைரியத்தில் இருந்தேன், சரி என்று சொல்லிவிட்டேன். இருவரும் ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தோம். உங்கள் தங்கை மூன்றே வாரத்தில் நீச்சல் குளத்துப் பரீட்சை எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். எனக்கு மூச்சுக் குழாய் வாயில் நின்றது, முகக் கண்ணாடி நின்றது, சிலிண்டர் முதுகில் நின்றது. காலில் துடுப்புப் போல மாட்டும் ஃபின்ஸ் மட்டும் நிற்கவில்லை.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. முப்பத்தைந்து வருடம் செருப்புக் கடையில் ஊரார் காலைப் பிடித்தே குடும்பம் நடத்தியவன் நான். ஒருவர் வாசலில் நுழையும்போதே இவர் ஏழு, இவர் ஒன்பது அகலம் என்று சொல்லிவிடுவேன். எங்கள் முதலாளி முதல் நாளே கற்றுக்கொடுத்த விதி, கால்விரலுக்கும் ஷூவின் நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் இடம் விட வேண்டும் என்பது. குழந்தையானாலும் நீதிபதியானாலும் குனிந்து கட்டைவிரலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வேன். கடல் சாமான் விற்கும் கடையில் இருந்த பெண், "சார், இதுக்கு இடம் விடக் கூடாது, கையுறை மாதிரி பிடிக்கணும்" என்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ பிறக்கவே இல்லம்மா" என்று சொல்லி, ஒரு கட்டைவிரல் இடம் விட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

குளத்தில் இறங்கி நான்காவது உதை உதைத்தேன். வலது கால் ஃபின் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய், பக்கத்தில் நிதானமாக நீந்திக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் தோளைத் தட்டியது. அவர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் நான்தான் இருந்தேன். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறக்க, வாயில் இருந்த மூச்சுக் குழாய் கழன்று, தண்ணீர் புகுந்து, இருமி, அந்த இருமலில் இடது கால் ஃபின்னும் போயிற்று. பயிற்சியாளர் கரையில் நின்றபடி, "சார், ஃபின்ஸ் பாஸ் ஆயிடுச்சு, நீங்கதான் இன்னும் வரணும்" என்றார். பொல்லாத மனிதர் இல்லை, அவருடைய பாணி அது.

ரோஷம் வந்தது. அடுத்த ஜோடியை நான் எப்போதும் போடும் எட்டாம் அளவிலேயே வாங்கினேன். அது கழலவில்லை. எந்த அளவுக்குக் கழலவில்லை என்றால், குளத்தின் நடுவில் எனக்கு இரண்டு கெண்டைக்காலும் சுளுக்கிக்கொள்ள, என்னை இழுத்துக் கரையில் போட்ட பிறகும் கழலவில்லை. விரல்கள் மரத்துப்போய் அவை என்னுடையவைதானா என்றே சந்தேகமாக இருந்தது. பெஞ்சில் மல்லாந்து படுத்தேன், உங்கள் தங்கை சோப்புத் தண்ணீர் ஊற்றினாள், ஒரு காலைப் பயிற்சியாளரும் மறு காலை மேனேஜரும் பிடித்து இழுத்தார்கள். மேனேஜர் என்பவர் எங்களோடு படிக்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அவர் மனைவி முதல் நாளே தண்ணீர் குளிர்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார். கடலில் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். மேனேஜருக்கு ஜோடி இல்லை. நான் தேறாவிட்டால் உங்கள் தங்கைக்கும் ஜோடி இல்லை. கணக்கு எங்கே போய் முடியும் என்று பயிற்சியாளருக்கும் புரிந்தது, மேனேஜருக்கும் புரிந்தது. "ஞாயித்துக்கிழமை படகு. சனிக்கிழமைக்குள்ள சார் முடிக்கலைன்னா மேடத்தை மேனேஜர் சாரோட அனுப்பிடறேன்" என்றார் பயிற்சியாளர். மேனேஜர் என் ஃபின்னைக் கையில் பிடித்தபடி, "நீங்க கவலைப்படாதீங்க, நான் பத்திரமா பாத்துக்கறேன்" என்றார். அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஜோடி பின்னால் பட்டை வைத்தது. அதைத் தடித்த ரப்பர் காலுறை மேல்தான் போட வேண்டுமாம். காலுக்கு எதற்குக் காலுறை என்று வெறுங்காலில் மாட்டிக்கொண்டேன். இடது குதிகாலில் கோலிகுண்டு அளவுக்குக் கொப்புளம். இதற்கு நடுவே ஃபின்ஸ் போட்டால் முன்னால் நடக்கக் கூடாது, பின்னால்தான் நடக்க வேண்டும் என்று பாடம். அதைப் பழக எங்கள் மாடி நடைபாதையில் பின்னாலேயே நடந்து நடந்து, திறந்திருந்த லிஃப்டுக்குள் போய்விட்டேன். கதவு ஃபின் நுனியில் இடித்துத் திறந்தது, மறுபடி மூட வந்தது, மறுபடி இடித்துத் திறந்தது. உள்ளே காய்கறிப் பையோடு நின்ற மேல் வீட்டுக்காரர் பத்து முறை பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாத்து வேஷமா சார்? எந்த ஸ்கூல்ல?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல நேரம் அதிகம் ஆகும்.

வியாழக்கிழமை மதியம் ஃபின்ஸைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு உங்கள் தங்கையிடம், "நீ மேனேஜரோட இறங்கு. நான் படகுல உக்காந்து துண்டு பிடிச்சுக்கறேன்" என்றேன். எந்த ரயில் எவ்வளவு தாமதமானாலும் ஏதாவது ஓர் அறிவிப்புச் செய்பவள், அன்று சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு ஆசை, அதைக்கூட என் கால் தட்டிவிட்டதே என்று இருந்தது.

சனிக்கிழமை காலையில்தான் அவள் உள்ளே வந்து ஒரு பெட்டியை என் முன்னால் வைத்து, "அண்ணன் அனுப்பியிருக்காரு" என்றாள். நான் எந்த அண்ணன் என்று கேட்டேன். தவறாக நினைக்க வேண்டாம், முப்பத்தொரு வருடத்தில் உங்களிடமிருந்து ஒரு கைக்குட்டைகூட வந்ததில்லை. உள்ளே பட்டை வைத்த ஃபின்ஸ், கூடவே ரப்பர் காலுறை. மாட்டினேன். காலுக்குள் கால் போனது போல் இருந்தது. விரல் இடிக்கவில்லை, குதிகால் உரசவில்லை, உதறினால் அசையவில்லை. அளவைப் பார்த்தேன், ஒன்பதரை. நான் வாழ்நாள் முழுக்க எட்டு போட்டவன். ஏன் எட்டு என்றால், கடைக் கண்ணாடி அலமாரியில் வைக்கும் மாதிரி ஷூ எப்போதும் எட்டாகத்தான் இருக்கும், பழசானால் அதை எனக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் உள்ள கால்களையெல்லாம் அளந்தவன், என் காலை ஒரு நாளும் அளவெடுக்கும் இரும்புத் தட்டில் வைத்துப் பார்க்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எனக்கே தெரியாத என் கால் அளவு உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு விளங்கியது. எங்கள் கல்யாணத்திலிருந்து நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு "ம்" என்பீர்கள். அந்த முப்பத்தொரு வருடமும் நீங்கள் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அன்று புது ஷூ எடுத்துக் கொடுத்தவன் நான். "கொஞ்சம் லூஸா இருக்கே" என்று நீங்கள் சொன்னீர்கள். "அப்படித்தான் இருக்கணும் மச்சான்" என்று கட்டைவிரலை அழுத்திக் காட்டினேன். மேடைப் படியில் ஷூ ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். முந்நூறு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் நடக்கத் தெரியாமல் விழுந்தீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். குளத்தில் என் ஃபின் தனியாக நீந்திப் போனதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அளவு தப்பு. தப்பு என்னுடையது. சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் தேறிவிட்டேன். மேனேஜர்தான் முதலில் கை தட்டினார். ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். நான் அங்கே பார்த்த மீன்களின் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. உங்கள் தங்கை பக்கத்தில் வந்தாள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து 'சரிதானே' என்று கேட்டாள். நானும் வட்டம் காட்டினேன். பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து நிமிடம் விடவில்லை. அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. கால் வலித்திருந்தால் நான் காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன், அவளைப் பார்த்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் உங்களுக்கு இத்தனை நன்றி சொல்கிறேன். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை.

நீங்களும் வீட்டில் உள்ள எல்லாரும் நோய்நொடி இல்லாமல், நல்ல மூச்சோடும் நல்ல கால்களோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. அடுத்த முறை வரும்போது ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்கவும்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் உங்கள் தங்கைக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அண்ணன் எங்க அனுப்பினாரு? நான் வாங்கினது" என்றாள். வியாழக்கிழமை மதியம் நான் தூங்கும்போது செய்தித்தாளை என் காலடியில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டு, அந்தக் கடைப் பெண்ணிடமே போயிருக்கிறாள். அதை நேராகச் சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "நான் அளவெடுத்தேன்னு சொன்னா நீங்க தொட மாட்டீங்க. அண்ணன் பேரைச் சொன்னா, திருப்பி அனுப்ப அவருக்கு லெட்டர் எழுதணுமேன்னு பயந்தாவது போட்டுக்குவீங்கன்னு நினைச்சேன். நீங்க உக்காந்து இத்தனை பக்கம் எழுதுவீங்கன்னு யார் கண்டா?" என்றாள். ஆகவே மச்சான், மேலே நன்றி என்று வரும் இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். அவை உங்கள் தங்கைக்குச் சேர வேண்டியவை, நேரில் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்ட இடத்தை மட்டும் அடிக்க வேண்டாம். அது சரியான முகவரிக்குத்தான் வந்திருக்கிறது.