தூசியே இல்லாத ஃபில்டர்

அன்பு மகளுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும், தும்மலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும்.

'குழந்தைக்கு இழுப்பு வருது, உங்க வீட்டுத் தூசியில எப்படிப்பா கூட்டிட்டு வர்றது, முதல்ல ஃபில்டரையெல்லாம் கவனிங்க' என்று போனில் சொன்னாயே, அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டேன். பேரனைப் பார்க்காமல் எனக்கு வீடே பிடிக்கவில்லை. முதலில் குடிதண்ணீர் ஃபில்டர். உள்ளே இருந்த கரிக் குழாயைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி மாட்டினேன். தண்ணீரைத் திறந்தால் நுரை. மெக்கானிக் வந்து பார்த்து, 'சார், இதைக் கழுவக் கூடாது, மாத்தணும்' என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். இப்போது புதுசு போட்டாச்சு, தண்ணீர் தெளிவாக வருகிறது. ஆனாலும் உன் அம்மா டம்ளரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.

அடுத்தது ஏசி. அதோட வலையைக் கழுவலாம், விசாரிச்சுக்கிட்டுத்தான் கழுவினேன், பட்ட காலிலே படும்ங்கிற மாதிரி கொடியில போட்டது காத்துல பறந்து கீழ்வீட்டு பால்கனியில விழுந்துடுச்சு, அந்தம்மா சல்லடை நல்லா இருக்கேன்னு அதுல மிளகாய் காயவெச்சுட்டாங்க, நான் கேட்டு வாங்கிட்டு வந்து அப்படியே மாட்டிட்டேன். ஏசியைப் போட்டதும் தும்ம ஆரம்பிச்சவதான் உங்கம்மா. 'நீங்க சும்மா இருந்தாலே வீடு சுத்தமா இருக்கும்'ங்கிறா. திரும்பக் கழுவியாச்சு, கவலைப்படாதே.

கடைசியா, நீ வாங்கித் தந்த காத்து சுத்தம் பண்ற மெஷின். ரெண்டு வருஷமா ராப்பகலா ஓடுது. பின்பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஃபில்டர் வெள்ளை வெளேர்னு பளபளக்குது, பொட்டுத் தூசி இல்லை. அப்போ நம்ம வீட்டுக் காத்துல தூசியே இல்லைன்னுதானே அர்த்தம்? மாப்பிள்ளைகிட்டயும் சொல்லு. தைரியமா குழந்தையைக் கூட்டிக்கிட்டு வா.

வேறு விசேஷமில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. பேரனுக்கு என் கணக்கில் நெற்றியில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அம்மா, தானும் அந்த ஃபில்டரைப் பார்க்கணும் என்று வெளியே இழுத்தாள். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவர் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. பளபளத்தது அதுதான். கவரைக் கிழித்துவிட்டு ஓடவிட்டோம். காற்று மோசம் என்று மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது, இன்னும் அணையவில்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, பேரனைக் கூட்டி வராதே. எங்களால் அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, நாங்களே வருகிறோம். உங்கள் வீட்டு ஃபில்டர் எதையும் நான் தொட மாட்டேன் என்று எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன்.